ஆடி முடியட்டும்

பால் பொங்கி விளிம்புக்கு வரும் நேரம் பார்த்துப் பூவம்மா தும்மினாள். ஒற்றைத் தும்மல். துணைக்கு இன்னொன்று வந்துவிடாதா என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள், வரவில்லை. அதற்குள் பால் பித்தளைப் பானையின் கழுத்தைத் தாண்டி வழிந்து, மண்ணெண்ணெய் அடுப்பில் சுர்ரென்று விழுந்து, அந்தச் சின்ன அறை முழுக்கத் தீய்ந்த வாடையைப் பரப்பியது. எந்தத் திசையில் வழிந்தது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

“தும்மலுக்குச் சகுனம் பாத்தா இந்த வீட்டுல ஒருத்தனும் பச்சத்தண்ணி குடிக்க முடியாது தங்கச்சி” என்றார் சுந்தரம். “கீழ பாய் மிளகா அரைக்கிறாரு. இந்தச் சந்துல தும்மாதவன் செத்தவன்லா.”

கண்மணி சிரித்தாள். பூவம்மாவின் புருஷன் பரமசிவமும் சிரித்தார். பூவம்மா மட்டும் மஞ்சள் நனைத்த பிடிதுணியால் பானையை இறக்கி வைத்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கறை போன பிறகும்.

அறை இருந்தது தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே சேக் தாவூதின் மசாலா மில். வீடு முழுவதையும் வாடகைக்கு எடுத்து, மாடியைப் பலகையால் தடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டிருந்தவரும் அவர்தான். மாடியில் தெருவைப் பார்த்தபடி இரண்டு அறைகள். ஒன்றில் பரமசிவத்தின் தங்கை கண்மணி, அவள் புருஷன் பஸ் கண்டக்டர் சுந்தரம், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். பக்கத்து அறையில் இருந்த சீனத் தச்சர் குடும்பம் குவீன்ஸ்டவுனில் கவர்மெண்டு கட்டிய பிளாட்டுக்குப் போனபோது, அது கைமாறிவிடாமல் பாயிடம் சொல்லி நிறுத்தி வைத்தவர் சுந்தரம். அந்த அறையில்தான் இப்போது பால் பொங்கியது. பொங்கியதே தவிர, குடிவருவது என்று பூவம்மா இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை மூடிக்கொண்டு போகப்போகிறான் என்று அந்த வருஷத் தொடக்கத்தில் ரேடியோவில் சொன்னார்கள். செம்பவாங்கில் தளத்துக் குவார்ட்டர்ஸில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் சரியாகச் சோறு இறங்கவில்லை. பரமசிவம் தளத்து ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பிளாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். அவர்களில் கடைசி ஆளாக நிற்பதற்குப் பதில் நாகப்பட்டினத்துக்கே கப்பல் ஏறிவிடலாம், அண்ணன் வீட்டில் ஒரு பகுதி தருவார் என்றார் பரமசிவம். அதை ஒரு யோசனையாகத்தான் சொன்னார். ஆனால் பூவம்மா ஜொகூரில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். நாகப்பட்டினத்தை அவள் பார்த்ததேயில்லை. அங்கிருந்து வந்த மாமியாரைப் பார்த்திருக்கிறாள். அது போதும் என்று இருந்தது. மகள் மங்களம் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல், “அங்க எனக்கு யாரம்மா தெரியும்?” என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் சுந்தரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கண்டக்டர் என்பதால் ஊரில் எந்த மூலையில் எதை இடிக்கிறார்கள், எதைக் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் சந்து வீடுகளையும் இடிக்கப்போகிறார்கள், அதனால் உடனே அங்கே குடிவந்துவிடுங்கள் என்றார்.

பரமசிவத்துக்குப் புரியவில்லை. இடியப்போகிற வீட்டுக்கு எவனாவது குடிபோவானா என்று கேட்டார்.

“இடியப்போற வீட்டுக்குத்தான் மச்சான் போகணும்” என்றார் சுந்தரம். “எப்ப வருவாங்கன்னு தெரியாது. ஒருநாள் காலையில கவர்மெண்டு ஆளுங்க வருவாங்க, யார் யார் இருக்கீங்கன்னு எழுதிக்கிட்டுப் போவாங்க. எழுதின தலைக்கெல்லாம் பிளாட்டு. அன்னிக்கு அங்க படுத்திருந்தவன் புள்ளக்குட்டியோட மாடி வீட்டுக்குப் போவான். படுக்காதவன் பாத்துக்கிட்டு நிப்பான்.”

பரமசிவம் பொறுமையான மனிதர். ஸ்டோரில் ஒரு ஆணியைக்கூட இரண்டு தரம் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். ஆனால் வாழ்க்கையில் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்வார். “நீ போயி பாரு. நீ சொல்றதுதான்” என்று முடிவை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவள் போய்ப் பார்த்தாள். ஒருமுறை அல்ல, காலையில் ஒருநாள், மழையில் ஒருநாள், சம்பள வாரத்துச் சனிக்கிழமை ஒருநாள் என்று போய்ப் பார்த்தாள். மாடிக்கெல்லாம் ஒரே குழாய். வாளிகள் வரிசையில் நிற்க, வாளிக்காரிகள் சுவரில் சாய்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் வாளிக் கக்கூஸ். மழைக்குக் கால்வாய் நிரம்பி, மில்லின் வாசல்படி வரைக்கும் தண்ணீர் வந்து, எங்கிருந்தோ ஒரு மரச்செருப்பு மிதந்து போயிற்று. அடுத்த சந்தில் பாதி ஏற்கெனவே தரைமட்டம். அங்கே நாள் முழுவதும் அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் தொம் தொம் என்று இடிக்க, அடுக்கில் இருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. சனிக்கிழமை சந்து முனையில் சட்டைக் கையை மடித்துவிட்ட நாலு பேர் நின்று, போகிற வருகிற பெண்களைப் பார்த்தார்கள். மங்களத்துக்குப் பதினைந்து வயது.

அவள் ஒவ்வொரு தரமும் அந்த மரப்படியில் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். படியில் மிளகாய்த் தூள் படிந்திருக்கும் என்பது காரணம். அது மட்டுமே காரணம் அல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் அவளுக்குச் சொந்தக் குழாய் இருந்தது. வாசலில் திடல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கண்மணி இரண்டு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தாள், பூவம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு. தேக்காவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளை நினைத்து அப்போது பூவம்மா அக்கம்பக்கத்தில், “என்ன செய்றது, மாட்டுக்கொட்டாய்க்கு நடுவுல குடும்பம் நடத்தணும்னு அவ தலையில எழுதியிருக்கு” என்று சொன்னதுண்டு. அந்த மாட்டுக்கொட்டாய்களைக் காலி செய்து எத்தனையோ காலமாகிவிட்டது. வார்த்தை மட்டும் நாக்கில் அப்படியே இருந்தது. இப்போது அதே கண்மணியிடம் அறை கேட்டு வந்து நிற்கிறோம் என்பதைத்தான், கக்கூஸ் வாடையைக்காட்டிலும், அவளால் பொறுக்க முடியவில்லை.

அதனால்தான், பால் காய்ச்சின கையோடு இன்றைக்கே ஒரு பாயைப் போட்டுப் படுத்துவிடுங்கள், சாமானெல்லாம் மெல்ல வரட்டும் என்று சுந்தரம் சொன்னபோது, பூவம்மா அடுப்பைத் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

“ரெண்டு நாள்ல ஆடி பொறக்குது. ஆடியில சாமான் மாத்துறதா? ஆடி முடியட்டும்ணே. பால் காய்ச்சியாச்சுல்ல, குடிவந்த மாதிரிதான்.”

ஆடி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. பரமசிவத்துக்கு அப்பாடா என்று இருந்தது. முடிவு ஒரு மாதம் தள்ளிப்போனதில் அவருக்கு எப்போதும் சந்தோஷம்தான். கண்மணி மட்டும் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூவம்மா ஒரு குடுக்கையில் உப்பும், ஒரு படி அரிசியும், சின்னக் காமாட்சி விளக்கும் மூலையில் வைத்தாள். பால் காய்ச்சின வீடு இருண்டு கிடக்கக் கூடாது, பொழுது விடியவும் சாயவும் ஒரு திரி போட்டுவிடு என்று சொல்லி, சாவியை அவளே கண்மணியின் கையில் வைத்து அழுத்தினாள்.

ஆடி குவார்ட்டர்ஸில் மோசமாக நடந்தது. வருமோ வராதோ என்று இருந்த வேலைநீக்கக் காகிதங்கள் சில வீடுகளுக்கு வந்துவிட்டன. எதிர் வரிசையில் இருந்த மலையாளிக் குடும்பம் கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுத்தது. அடுத்த வீட்டு ரபியா, பூவம்மாவோடு ஒரே வருஷத்தில் பிள்ளை பெற்றவள், தன் கோழிகளையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாள். காலியான வீடுகளின் கதவில் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். திடலில் பந்து விளையாடப் பிள்ளைகள் தேறவில்லை. சாயங்காலம் வாசலில் வந்து நின்றால் விளக்கு எரிகிற ஜன்னலைத் தேட வேண்டியிருந்தது. ரபியாவின் கோழிகள் பழக்கதோஷத்தில் பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தன. சொந்தக் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுத் துணைக்கு ஒருத்தியும் இல்லாமல் தண்ணீர் விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பது பூவம்மாவுக்கு என்னவோ போல் இருந்தது. எதை விட்டுப் போக மனசில்லை என்று ஆடியைக் காட்டி ஒரு மாதம் வாங்கினாளோ, அது அவளுக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டது.

ஊருக்குப் போகத் தளம் தரும் கப்பல் டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று பரமசிவம் மாதக் கடைசிக்குள் மேலே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “தேக்கா” என்றாள் பூவம்மா. அவர் பேப்பரைக் கீழே வைத்தார். “நெசமாவா?” என்றார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு லாரி சொல்லுங்கள் என்றாள். அன்று மாலை மங்களம் தன் புத்தகங்களை ஒரு பால்மாவுப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை பூவம்மா சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வந்தாள். கூழ் குடித்தாள். வேப்பிலை வாங்கி முடிந்துகொண்டாள். கோயிலிலிருந்து சந்துக்கு நடந்தபோது, தையல் கடையில் மெஷின் ஓடுகிற சத்தமும், காப்பிக்கடை ரேடியோவும், மாடி ஜன்னலுக்கு மாடி ஜன்னல், “ஏ, இன்னிக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டுக்கொள்கிற குரல்களும், இத்தனை நாள் இரைச்சலாக இருந்தவை, இன்றைக்கு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. தையல் கடைக்காரியிடம் மங்களத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது. தூரத்தில் செலிகி ரோட்டுக் கவர்மெண்டு மாடி வீடுகளில் துணிகள் கொடி கொடியாகப் பறந்தன. அதில் எந்த மாடி நல்ல மாடி, காற்று எங்கே அதிகம் என்று யோசித்துக்கொண்டே வந்தவள், மில் வாசலில் நிற்கிற சேக் தாவூதைப் பார்த்து முதல் தடவையாகத் தானே சிரித்தாள்.

சேக் தாவூது மூக்கில் கட்டியிருந்த துண்டை இறக்கினார். இமை முடியிலெல்லாம் சிவப்புத் தூள்.

“வாங்க தங்கச்சி. உங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். இந்தக் காலத்துல யாருக்கு அந்த மனசு வரும்? ரூமை நாத்தனாருக்கே விட்டுக்குடுத்துட்டீங்களாமே. சொந்தம்னா அப்பிடித்தான் இருக்கணும்.”

பூவம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது. போன வாரம் காலையில் ஆட்கள் வந்து சந்து முழுக்க எழுதிக்கொண்டு போனதையும், மாடியில் இரண்டு அறையையும் சேர்த்து சுந்தரம் பெயரில் ஒரே குடும்பமாக எழுதினதையும், பெரிய குடும்பம் என்பதால் அவர்களுக்கு மூன்று அறை பிளாட்டு கிடைக்கலாம் என்பதையும் பாய் சந்தோஷமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் அவள் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியும்தானே?” என்றார்.

“தெரியும்” என்றாள் பூவம்மா.

படியேறும்போது கொசுவத்தைப் பிடிக்கவில்லை.

மாடியில் இரண்டு கதவும் திறந்திருந்தன. அவளுடைய அறையில் கண்மணியின் மூத்த மகள் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று பாய்கள் சுருட்டிச் சுவரோரம் நின்றன. மூலையில் விளக்கு எரிந்தது. எண்ணெய் நிறைய இருந்தது, திரி புதுசு, பொட்டும் வைத்திருந்தது. சொன்ன வேலையைக் கண்மணி ஒருநாளும் தவறவிடவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

கண்மணி குழாயடியிலிருந்து ஈரத்துணி வாளியோடு வந்தவள், அண்ணியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிள்ளையைக் கீழே அனுப்பினாள். பிறகு வாளியை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

“முன்கூட்டிச் சொல்லிட்டா வர்றாங்க அண்ணி? காலையில வந்து நின்னாங்க. இது யார் ரூமுன்னு கேட்டான். எங்கண்ணன் ரூமுன்னுதான் சொன்னேன். சாமி சத்தியமா சொன்னேன். ஆளு எங்கன்னான். செம்பவாங்குன்னேன். பேனாவ மூடிட்டான்.”

“அப்புறம்?”

கண்மணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“அவர்தான் சாவியை எடுத்துத் தெறந்தாரு. ‘வெளக்கு எரியுது பாருங்க, ஆளில்லாத ரூம்லயா வெளக்கு எரியும்? எம்புள்ளைங்க படுக்கிற ரூம்தான், எம்பொண்டாட்டிக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல’ன்னாரு. எழுதிக்கிட்டான்.”

பைலிங் இயந்திரம் அடுத்த சந்தில் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் சுடர் குனிந்து நிமிர்ந்தது. பூவம்மா அதையே பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“ஒரு ஆள் அனுப்ப முடியலியா? ஒரு வாரமா?”

“என்னன்னு சொல்லி அனுப்ப அண்ணி?” கண்மணியின் குரல் உயரவில்லை. “எழுதலன்னா அது காலி ரூம். உங்களுக்கும் இல்லாம எங்களுக்கும் இல்லாம போயிருக்கும். ஒரு ராத்திரி, ஒரே ஒரு பாய். அன்னிக்கே சொன்னாரா இல்லியா? நீங்க ஆடின்னீங்க.”

“ஆடியில யாராச்சும்...”

“ஆடியா அண்ணி அது?”

பூவம்மா சுவரோரம் நின்ற பாய்களின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க இந்தப் படியில ஏறுறதை நான் பாக்கலியா? வந்து போற ஒவ்வொரு தடவையும் பாத்தேன். இந்த வீடு உங்களுக்கு ஆகல. நேரா சொல்ல முடியாம ஆடி மேல போட்டீங்க. மாட்டுக்கொட்டாயில குடும்பம் நடத்துறவன்னு நீங்க சொன்னது எனக்கு அன்னிக்கே வந்து சேந்துடுச்சு. இத்தனை வருசமா கேட்டேனா?”

சொல்லி முடித்ததும் கண்மணிக்கே மூச்சு வாங்கியது. அவள் உள்ளே போய்க் காப்பி கலந்து, வீட்டில் இருந்த ஒரே வெள்ளி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். அது பூவம்மா அவள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த டம்ளர். பூவம்மா வாங்கிக்கொண்டாள். குடித்தாள். காப்பி நன்றாக இருந்தது. கண்மணிக்குக் காப்பி கலக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

சாவியைத் திருப்பித் தரட்டுமா என்று கண்மணி கேட்டாள். முந்தானை முடிச்சில் இருந்ததை அவிழ்க்கவும் போனாள். பூவம்மா டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மூலையில் உட்கார்ந்து உப்புக் குடுக்கையின் மூடியைத் திறந்து பார்த்தாள். உப்பு கசிந்து தண்ணீராக நின்றது. மூடினாள். விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம் என்று கை நீண்டது. பால் காய்ச்சின வீட்டு விளக்கு. பூவால் தொட்டு மலையேற்றத்தான் வேண்டும், கையில் பூ இல்லை. முடிந்து வைத்திருந்த வேப்பிலையால் அணைக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு அந்த வீட்டில் கண்மணிதான் இருந்தாள். நீட்டிய விரலால் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு எழுந்தாள்.

“அண்ணன்கிட்ட நானே வந்து சொல்லட்டுமா?” என்றாள் கண்மணி படிக்கட்டு வரை வந்து.

“வேணாம்” என்றாள் பூவம்மா. “பெட்டி கட்டிக்கிட்டு இருக்காரு.”

கீழே மில் ஓடத் தொடங்கியிருந்தது. சேக் தாவூது ஏதோ சொல்லிக் கையை உயர்த்தினார்; இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. சந்தின் முனையைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். செம்பவாங் போகிற பஸ் ஒன்று வந்தது. ஏறினால் வீடு போய்ச் சேருவதற்குள் என்ன சொல்வதென்று யோசித்து முடிக்க வேண்டும். ஏறவில்லை. கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு மணியை இழுத்தான்.

பஸ் நகர்ந்ததும் எதிரே அந்த மாடி தெரிந்தது. கண்மணியின் அறை ஜன்னலில் ஏற்கெனவே துணி நிறைந்த ஒரு மூங்கில் கழி நீட்டிக்கொண்டிருந்தது. இடமில்லாமல், கண்மணி பக்கத்து அறை ஜன்னலைத் திறந்து அடுத்த கழியை அதன் வழியே மெல்ல வெளியே தள்ளினாள். பள்ளிக்கூடச் சட்டைகள் வந்தன. சுந்தரத்தின் காக்கிக் கால்சட்டை வந்தது. கடைசியில், அன்றைக்குப் பானை இறக்கின பிடிதுணி, மஞ்சள் போகாமல், நுனியில் பால் தீய்ந்த கறையோடு, தெருவுக்கு மேலே வந்து தொங்கியது.